மசாய் ஊருக்கு ஒரு கழிப்பறை: சிறு வணிகர் கொடுப்பதற்கு முன் அறிய வேண்டியவை



ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். ஒரு பள்ளிக்கூடத்தில் 200 பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு இருப்பது இரண்டே கழிப்பறைகள். காலை இடைவேளை 20 நிமிடம். ஒரு பிள்ளை போய் வர இரண்டு நிமிடம் என்றாலும், ஒரு கழிப்பறைக்குப் பத்துப் பேர், இரண்டுக்கும் சேர்த்து இருபது பேர்தான் போய் வர முடியும். மீதி 180 பேர் என்ன செய்வார்கள்? சிலர் புதர்ப் பக்கம் ஒதுங்குவார்கள். சிலர் மாலை வரை அடக்கிக்கொள்வார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. வயது வந்த பிள்ளைகள் மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

கென்யாவில் பள்ளிகளுக்குச் சொல்லப்படும் அளவு, பெண் பிள்ளைகள் 25 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண் பிள்ளைகள் 30 பேருக்கு ஒன்று. அப்படிப் பார்த்தால் 200 பெண் பிள்ளைகளுக்கு எட்டு வேண்டும்.

கென்யாவின் தெற்கிலும் தான்சானியாவின் வடக்கிலும் வாழும் மசாய் மக்களின் ஊர்களில் இத்தகைய பள்ளிகளுக்கும் மருந்தகங்களுக்கும் கழிப்பறை கட்டித்தரப் பலர் முன்வருகிறார்கள். பெரிய கம்பெனிகள் மட்டுமல்ல, இரண்டு மூன்று வண்டிகளை வைத்துச் சுற்றுலா நடத்துபவர், மணிமாலை வாங்கி விற்கும் கடைக்காரர், எங்கோ தொலைதூர நகரத்தில் சிறு கடை நடத்துபவர் என்று சிறு வணிகர்களும் இதில் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கழிப்பறை என்பது கட்டி முடித்து ரிப்பன் வெட்டியதும் முடிந்துவிடும் காரியமல்ல. நான்காவது ஆண்டிலும் அந்தக் கதவு திறக்கிறதா, உள்ளே போகக் கூடியதாக இருக்கிறதா என்பதில்தான் அந்தக் கொடை கொடையாகிறது. ஒரு சிறு வணிகர் இதைச் செய்ய விரும்பினால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

திறந்த வெளிக்குப் போனது அறியாமையாலா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். "கழிப்பறை கட்டத் தெரியாத மக்கள், நாம் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்ற நினைப்போடு போனால் தொடக்கமே கோணலாகிவிடும்.

மசாய் மக்கள் மாடு, ஆடு மேய்த்து வாழ்பவர்கள். கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் மட்டும் சுமார் 12 லட்சம் பேர். முள்வேலி சூழ்ந்த குடியிருப்பு, நடுவில் மாட்டுப்பட்டி, சுற்றிலும் குச்சியும் மண்ணும் சாணமும் சேர்த்துப் பெண்களே கட்டும் தாழ்வான வீடுகள் என்பதே அவர்கள் வாழ்க்கை. மழை எங்கே பெய்ததோ, புல் எங்கே இருக்கிறதோ, அங்கே மந்தை போகும். ஆட்கள் குறைவாகவும் நிலம் பரந்தும் இருந்த காலத்தில், இன்று இங்கே, நாளை அங்கே என்று நகரும் குடும்பத்துக்கு நிலையான கழிப்பறை தேவைப்படவில்லை. விட்டுவந்த இடத்தை வெயிலும் காற்றும் சுத்தப்படுத்திவிடும்.

அந்த வாழ்க்கை தானாக மாறவில்லை. 1904லும் 1911லும் ஆங்கிலேய ஆட்சி செய்துகொண்ட ஒப்பந்தங்களால் மசாய் மக்கள் வளமான வடக்கு மேய்ச்சல் நிலங்களை இழந்து தெற்கே தள்ளப்பட்டார்கள். தான்சானியாவில் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்காக 1959ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கென்யாவில் 1968ல் வந்த சட்டத்தால் மேய்ச்சல் நிலம் கூட்டுப் பண்ணைகளாகப் பதிவு செய்யப்பட்டு, பின்னர் அவற்றில் பல தனித்தனி மனைகளாகப் பிரிக்கப்பட்டன. வேலிகள் வந்தன. பள்ளி, சந்தை, மருந்தகம் ஆகியவற்றைச் சுற்றிக் குடும்பங்கள் நிலையாகத் தங்கத் தொடங்கின.

ஆக, நகர்ந்துகொண்டிருந்தபோது கெடுதல் செய்யாத பழக்கம், ஒரே இடத்தில் தங்கியபோது நோயாக மாறியது. அதே புதர், அதே ஓடைக்கரை, ஆண்டு முழுதும். மழை வந்தால் எல்லாம் குடிநீர்க் குட்டையில் போய்ச் சேரும். அந்த வட்டாரத்தில் காட்டு விலங்குகளும் உண்டு. மறைவு வேண்டி இருட்டும் வரை காத்திருக்கும் பெண்கள் யானையும் எருமையும் கழுதைப்புலியும் நடமாடும் நேரத்தில் வெளியே போக வேண்டியிருக்கிறது.

இது மசாய் ஊர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 42 கோடிப் பேர் இன்னும் திறந்த வெளியையே பயன்படுத்துகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து கணக்கிட்டிருக்கின்றன.

பாட்டியின் கண்ணும் பேரன் முகத்து ஈயும்

கழிப்பறை இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும், காலரா வரும் என்பது நமக்குத் தெரியும். மசாய் பகுதிகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அது டிரக்கோமா என்னும் கண்நோய். கென்யாவின் நாரோக், காஜியாடோ மாவட்டங்கள் இந்த நோய்க்கு நீண்டகாலமாக ஆளான பகுதிகள்.

இது கிருமியால் வரும் தொற்று. சிறு பிள்ளைகளின் கண்ணில் தொடங்கும். கண்ணிலும் மூக்கிலும் வடியும் நீரில் ஈ உட்காரும். அதே ஈ அடுத்த பிள்ளையின் முகத்துக்குப் போகும். பிள்ளையின் முகத்தைத் துடைத்த துணியும் விரலும் தாய்க்கும் பாட்டிக்கும் நோயைக் கொண்டுபோகும். ஒருமுறை வந்தால் மருந்தில் ஆறிவிடும். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கி, இமைமயிர் உள்பக்கம் திரும்பிவிடும். பிறகு கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் மயிர் கருவிழியை உரசும். முடிவில் பார்வை போய்விடும். பிள்ளைகளோடு அதிகம் இருப்பவர்கள் பெண்கள் என்பதால், இந்நோயால் பார்வை இழப்போர் ஆண்களைவிடப் பெண்களிலேயே அதிகம். அது நான்கு மடங்கு வரை போகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் கழிப்பறை எங்கே வருகிறது? கண்ணில் மொய்க்கும் அந்த ஈ இனம் முட்டையிட விரும்பித் தேடுவது தரையில் திறந்து கிடக்கும் மனித மலத்தை. மாட்டுச் சாணத்தில் பெருகும் ஈக்கள் பெரும்பாலும் வேறு இனங்கள். அதனால் மாடுகள் நிறைந்த ஊரிலும் கழிப்பறை கட்டுவதால் பயன் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்து 2004ல் வெளியான ஆய்வில், கழிப்பறை கட்டிக்கொடுத்த ஊர்களில் பிள்ளைகளின் கண்ணில் உட்காரும் ஈக்கள் சுமார் 30 சதவீதம் குறைந்தன.

30 சதவீதம் என்பது நல்ல பலன், ஆனால் முழுப் பலன் அல்ல. அதனால்தான் டிரக்கோமாவை ஒழிக்கும் திட்டத்தில் நான்கு வேலைகள் சேர்ந்தே இருக்கின்றன: திரும்பிய இமைக்கு அறுவை சிகிச்சை, கிருமியை அழிக்கும் மருந்து, முகம் கழுவும் பழக்கம், சுற்றுப்புறச் சுத்தம். கழிப்பறை நான்காவதில் அடங்கும். கொடுப்பவர் இதை நினைவில் வைத்தால், "கழிப்பறை கட்டினோம், நோய் ஒழிந்தது" என்று சொல்லிக்கொள்ள மாட்டார். முகம் கழுவத் தண்ணீருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்வார்.

தண்ணீர் ஊற்றாத கழிப்பறை

நம் வீடுகளில் கழிப்பறை என்றாலே தண்ணீர். தண்ணீர் இல்லாமல் சுத்தம் செய்துகொள்வதை நம்மால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆகவே நம்மைப் போன்றவர்கள் உதவ நினைத்தால் முதலில் மனதில் வருவது பீங்கான் கோப்பையும் குழாயும்தான். அங்கேதான் தவறு நடக்கும்.

கோடையில் மசாய் பெண்கள் பல கிலோமீட்டர் நடந்து, தலையில் வாரைக் கட்டி முதுகில் சுமந்தோ கழுதையின் மேல் ஏற்றியோ 20 லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஒரு கேன் 20 கிலோ. குடிக்கவும் சமைக்கவும் கன்றுக்குட்டிக்கும் அதே தண்ணீர். அதை மலத்தின் மேல் ஊற்று என்று சொன்னால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? அவர்கள் சுத்தத்துக்கு இலை, கல், தாள் போன்றவற்றைப் பயன்படுத்துவது வழக்கம். வளைகுழாய் வைத்த கோப்பையில் அவை போய் அடைத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் அந்தக் கழிப்பறை பூட்டிக்கிடக்கும்.

அங்கே பொருந்துவது காற்றுக்குழாய் வைத்த உலர் குழிக் கழிப்பறை. 1970களில் ஜிம்பாப்வேயில் உருவான முறை இது. பீட்டர் மோர்கன் என்ற ஆய்வாளர் இதில் முன்னின்றவர். அமைப்பு எளியது. ஆழமான குழி, மேலே ஓட்டையுள்ள கான்கிரீட் பலகை, குழியிலிருந்து கூரைக்கு மேல் அரை மீட்டராவது நீண்டு நிற்கும் அகலமான குழாய், குழாயின் வாயில் ஈ புகாத வலை. குழாயின் வாயைக் காற்று உரசிப்போகும்போது குழியிலுள்ள நாற்றத்தை அது மேலே இழுத்துவிடும். அறைக்குள் நாற்றம் குறையும். உள்ளே அரையிருட்டாக இருப்பதால், குழியில் இருக்கும் ஈ வெளிச்சம் தெரியும் குழாய் வழியாக மேலே போகும். வலையில் மாட்டிக்கொண்டு அங்கேயே சாகும்.

மோர்கன் இதைச் சோதித்துப் பார்த்தார். 78 நாட்களில் குழாய் இல்லாத கழிப்பறையிலிருந்து பிடிபட்ட ஈக்கள் 13,953. குழாய் வைத்ததிலிருந்து 146 மட்டுமே. ஒரு குழாயும் ஒரு துண்டு வலையும் செய்யும் வேலை இது. வலை கிழிந்துவிட்டால் இந்தப் பலன் போய்விடும். வலையை மாற்ற ஆகும் செலவு மிகச் சிறியது. அதை மாற்ற ஆள் இல்லாததால்தான் பல கழிப்பறைகள் கெடுகின்றன.

தண்ணீர் வேண்டியது கை கழுவத்தான். ஐந்து லிட்டர் கேனில் துளையிட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, காலால் ஒரு குச்சியை மிதித்தால் சாய்ந்து நீர் சொட்டும் அமைப்பு ஆப்பிரிக்கா முழுதும் பரவியிருக்கிறது. கையால் எதையும் தொட வேண்டியதில்லை, நீரும் குறைவாகச் செலவாகும். சோப்பு இல்லாத இடத்தில் அடுப்புச் சாம்பலையும் பயன்படுத்துகிறார்கள்.

பள்ளி என்றால் கூரையின் மழைநீரைப் பிடிக்கலாம். 100 சதுர மீட்டர் தகரக் கூரை, ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லிட்டர் கிடைக்கும். 200 பிள்ளைகள் ஆளுக்கு அரை லிட்டர் வீதம் நாளுக்கு இருமுறை கை கழுவினால் ஒரு நாளைக்கு 200 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்தால் 50 பள்ளி நாட்களுக்கு வரும். கழிப்பறைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தொட்டிக்கும் தகரக் கால்வாய்க்கும் கொடுப்பது மிக நல்ல செலவு.

குழி எத்தனை ஆண்டு தாங்கும்?

கொடுப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். உலர் குழியில் ஓர் ஆளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லிட்டர் சேரும் என்று கணக்கு வைப்பார்கள். பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 600 லிட்டர். ஒரு சதுர மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் உள்ள குழியில், மேலே அரை மீட்டர் இடம் விட்டால், 2,500 லிட்டர் பிடிக்கும். நான்கு ஆண்டில் நிறைந்துவிடும்.

நிறைந்த பிறகு? தொலைவிலுள்ள மேய்ச்சல் ஊருக்குக் கழிவுநீர் லாரி வராது. கையால் அள்ளச் சொல்வது மனிதனுக்குச் செய்யும் அநியாயம், ஆபத்தும் கூட. எனவே கட்டும்போதே வழி செய்ய வேண்டும். ஒரு வழி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள். ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாற வேண்டும். மூடிய குழி குறைந்தது ஓராண்டு, முடிந்தால் இரண்டாண்டு அப்படியே இருந்தால் கிருமிகள் பெரும்பாலும் மடிந்து மண்போல் ஆகிவிடும். அதன்பின் எடுப்பது எளிது. இன்னொரு வழி, பலகையையும் சுவரையும் கழற்றிப் புதுக் குழிக்கு மாற்றும்படி கட்டுவது. பழைய குழியை மண்ணால் மூடி அதில் மரம் நடலாம்.

மண்ணையும் பார்க்க வேண்டும். மசாய் நிலத்தில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் ஊதி, வெயிலில் வெடித்து, குழியின் சுவரைச் சரித்துவிடும். அங்கே உள்சுவரைக் கல்லால் கட்டாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் கட்டிடமே சாயும். சில இடங்களில் ஒரு மீட்டருக்குக் கீழே பாறை. அங்கே குழியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும். கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் மேலே இருக்க வேண்டும். இதையெல்லாம் தொலைவில் இருந்து முடிவு செய்ய முடியாது. அந்த வட்டார சுகாதார அலுவலர் வந்து இடம் பார்த்த பிறகே குழி தோண்டத் தொடங்க வேண்டும்.

யார் எந்தக் கதவைத் திறப்பது?

கட்டிடம் சரியாக இருந்தும் ஆள் போகாத கழிப்பறைகள் உண்டு. காரணம் பெரும்பாலும் மரியாதை சம்பந்தப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் சமூகங்கள் பலவற்றில் மாமனாரும் மருமகளும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது பெரிய வெட்கக்கேடு. குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டுக் கட்டினால் வீட்டில் பாதிப் பேர் மீண்டும் புதருக்கே போவார்கள். மறைவும் மரியாதையும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்காமல், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், ஆண்களுக்கு எங்கே, பெண்களுக்கு எங்கே என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கேட்கும்போது ஊர்ப் பெரியவர்களை மட்டும் கேட்டால் போதாது. அவர்கள் ஆண்கள். வீட்டைக் கட்டுபவள் பெண், தண்ணீர் சுமப்பவள் பெண், பிள்ளையின் முகம் கழுவுபவள் பெண். பெரியவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து அனுமதி பெற்றபின், பெண்களோடு தனியாக உட்கார்ந்து பேச ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும்.

பள்ளியில் வயது வந்த பெண் பிள்ளைகளுக்கு வேண்டியவை இன்னும் சில: உள்ளே போடும் தாழ்ப்பாள், ஆண் பிள்ளைகளின் கழிப்பறையிலிருந்து தள்ளிய இடம், துணி மாற்றவும் கழுவவும் ஒரு சிறு அறை, மூடியுள்ள குப்பைத்தொட்டி. கென்யா 2004லேயே சானிட்டரி நாப்கின்கள் மீதான வரியை நீக்கியது. 2017ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு அவற்றை இலவசமாகத் தரச் சட்டம் திருத்தியது. நாப்கின் கையில் இருந்தும் மாற்ற இடம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை அன்று வீட்டில்தான் இருப்பாள். தாழ்ப்பாள் ஒன்றின் விலை மிகக் குறைவு. அது இல்லாததால் இழக்கும் பள்ளி நாட்கள் மிக அதிகம்.

எதைக் கொடுப்பது, எதை விட்டுவிடுவது

வீட்டுக்கு வீடு இலவசமாகக் கட்டிக்கொடுத்தால் என்ன என்று தோன்றும். இதில் ஓர் அனுபவப் பாடம் இருக்கிறது. 1999-2000ல் வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், இந்தியாவைச் சேர்ந்த கமல் கர் ஒரு புதிய வழியைத் தொடங்கினார். பணமோ பொருளோ கொடுப்பதில்லை. ஊர் மக்களோடு ஊரைச் சுற்றி நடப்பது, மலம் எங்கே கிடக்கிறது, அது எப்படி வாய்க்கு வந்து சேர்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்ளச் செய்வது, என்ன செய்வது என்ற முடிவை அவர்களிடமே விடுவது. தாங்களே கட்டியதைத் தாங்களே காப்பார்கள் என்பது இதன் அடிப்படை. கென்ய அரசும் இந்த வழியை ஏற்று, 2011ல் கிராமப்புறங்களில் திறந்தவெளிப் பழக்கத்தை நிறுத்தும் இயக்கத்தைத் தொடங்கியது.

இந்த வேலை நடக்கும் ஊரில் வெளியிலிருந்து ஒருவர் போய் நாலு வீட்டுக்கு மட்டும் இலவசமாகக் கட்டிக்கொடுத்தால், ஐந்தாவது வீட்டுக்காரர் தோண்டத் தொடங்கிய குழியை அப்படியே விட்டுவிட்டுத் தன் முறைக்குக் காத்திருப்பார். உதவியே இடையூறாகிவிடும்.

ஆகவே சிறு வணிகருக்குப் பொருத்தமான இடம் பொதுக் கழிப்பறைகள்தான்: பள்ளி, மருந்தகம், வாரச்சந்தை. இவற்றை எந்த ஒரு குடும்பமும் தன் செலவில் கட்டாது. வீட்டுக் கழிப்பறையைப் பொறுத்தவரை கான்கிரீட் பலகை வார்க்கும் அச்சு, உள்ளூர் இளைஞர் இருவருக்குக் கொத்து வேலைப் பயிற்சி, இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த இளைஞர்களுக்கு அது தொழிலாகவும் ஆகும்.

பொதுக் கழிப்பறையிலும் ஊரின் பங்கு இருக்க வேண்டும். கென்யாவில் 'ஹராம்பே' என்ற சொல் உண்டு. எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். அது அந்நாட்டுச் சின்னத்திலேயே பொறிக்கப்பட்டது. நாடெங்கும் எத்தனையோ பள்ளிகள் அப்படித்தான் எழுந்தன. மணல், கல், தண்ணீர், குழி தோண்டும் கூலி ஆகியவை ஊரின் பங்கு. சிமெண்ட், தகரம், குழாய், கொத்தனார் கூலி ஆகியவை கொடுப்பவரின் பங்கு. இப்படிப் பிரித்தால் செலவும் குறையும், கழிப்பறை "வெளியூர்க்காரர் கட்டியது" என்றும் ஆகாது.

அரசின் கடமையையும் மறந்துவிடக் கூடாது. 2010ல் வந்த கென்ய அரசமைப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, நியாயமான தரத்தில் சுகாதார வசதி பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகச் சொல்கிறது. நம் கொடை அந்த உரிமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. கட்டும்போதே மாவட்ட நிர்வாகத்துக்கும் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் தெரிவித்து, அவர்களின் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், பின்னாளில் பழுதுபார்க்கும் பொறுப்பை அவர்களிடம் கேட்க முடியும்.

கையில் இருப்பது குறைவுதானே?

சிறு வணிகரின் தயக்கம் இது. உண்மையில் சிறு வணிகரிடம் பெரிய கம்பெனியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர் ஒரே ஊரோடு பல ஆண்டுகள் உறவு வைத்திருக்க முடியும். அங்கே அடிக்கடி போய்வரும் சுற்றுலா நடத்துபவரோ மணிமாலை வியாபாரியோ என்றால், போகும் போதெல்லாம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் யோசனை இதுதான். எட்டுக் கதவுக்குப் பணம் இருந்தால் ஆறு கட்டுங்கள். மீதியை மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்து வையுங்கள். வலை கிழிந்தால் மாற்ற, தாழ்ப்பாள் உடைந்தால் போட, சோப்பு வாங்க, கூட்டிப் பெருக்குபவருக்குக் கூலி கொடுக்க அந்தப் பணம் வேண்டும். மீதி இரண்டு கதவுகளை மூன்றாம் ஆண்டில் கட்டலாம். அதற்குள் முதல் ஆறில் என்ன தவறு என்பதும் தெரிந்திருக்கும். பிள்ளைகளே முறைபோட்டுக் கழுவலாம் என்றால், பெண் பிள்ளைகள் மட்டுமே கழுவும் வேலையாக அது ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பனையில் ஒரு பங்கைக் கொடுப்பதாக வாடிக்கையாளரிடம் சொல்பவர், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கடையில் எழுதி ஒட்ட வேண்டும். அது வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த அமானிதம்.

படம் எடுப்பதிலும் நிதானம் தேவை. சிவப்புப் போர்வையும் மணிமாலையும் அணிந்த மசாய் மக்களின் உருவத்தையும் பெயரையும் உலகின் பல வணிகங்கள் அவர்களைக் கேட்காமலே பயன்படுத்தி வருகின்றன. அதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று மசாய் பெரியவர்களே குரல் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளை கழிப்பறை வாசலில் நிற்கும் படத்தைக் கடைச் சுவரில் மாட்ட நாம் ஒப்புவோமா? நாம் ஒப்பாததை அவர்களிடம் கேட்கக் கூடாது. கட்டிடத்தின் படம் போதும். அதுவும் கட்டிய அன்று எடுத்ததைவிட மூன்றாம் ஆண்டில் எடுத்தது மேல்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. இதைக் கேட்டது யார்? பெண்களிடமும் பேசியாயிற்றா?

2. எத்தனை பேருக்கு எத்தனை கதவு? இடைவேளை நேரத்துக்கு அது போதுமா?

3. மண்ணையும் கிணற்றின் தூரத்தையும் சுகாதார அலுவலர் பார்த்தாரா?

4. குழி எந்த ஆண்டு நிறையும்? நிறைந்தால் அடுத்தது என்ன?

5. கை கழுவவும் முகம் கழுவவும் தண்ணீர் எங்கிருந்து வரும்?

6. உள்தாழ்ப்பாள், துணி மாற்றும் அறை, சிறு பிள்ளைகளுக்குச் சிறிய ஓட்டை, நடக்க முடியாதவருக்குச் சாய்தளம் இவையெல்லாம் வரைபடத்தில் இருக்கின்றனவா?

7. தினமும் சுத்தம் செய்வது யார்? அவருக்குக் கூலி யார் கொடுப்பது?

இந்த ஏழுக்கும் தெளிவான பதில் வந்தபின் பணத்தைக் கொடுங்கள். நாலாவதுக்கும் ஏழாவதுக்கும் பதில் வராவிட்டால், எவ்வளவு அழகான வரைபடமாக இருந்தாலும் சற்றுப் பொறுங்கள்.

நாம் கண்மூடிய பின்னும் நன்மை வந்துகொண்டிருக்க வேண்டும் என்றே நிலையான தர்மத்தை விரும்புகிறோம். கிணறு வெட்டினால் அதில் நீர் ஊற வேண்டும். கழிப்பறை கட்டினால் அதன் கதவு திறக்க வேண்டும். பூட்டிய கழிப்பறையில் நிற்பது சுவர் மட்டுமே.

மீண்டும் அந்த 200 பிள்ளைகளிடம் வருவோம். இடைவேளை மணி அடிக்கிறது. எட்டுக் கதவுகள், ஒவ்வொன்றிலும் உள்தாழ்ப்பாள். அந்த 20 நிமிடத்தில் எண்பது பேர் போய் வருகிறார்கள். மீதிப் பேருக்கு மதிய இடைவேளை இருக்கிறது. வெளியே கேனை மிதித்துக் கை கழுவுகிறார்கள், அப்படியே முகத்தையும் கழுவுகிறார்கள். காலையில் தாகத்தோடு வந்த பிள்ளை பயமில்லாமல் ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிறாள். ஒரு சிறு கடையின் கல்லாப்பெட்டியிலிருந்து போன பணம் இதைச் செய்யும், நான்காம் ஆண்டையும் நினைத்துக் கொடுத்திருந்தால்.